எந்த ஏரியா, டீச்சர்?

டை அடித்தாயிற்று. இனி நாற்பது நிமிஷம் நான் எதற்கும் உதவ மாட்டேன். படுத்தால் தலையணை கறுக்கும், சாய்ந்தால் சுவர் கறுக்கும், அடுப்படிக்குப் போனால் ரசமே கறுத்துவிடும் என்று அவர் இருந்த காலத்தில் கிண்டல் செய்வார். புறவாசலில் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் முக்காலியைப் போட்டு, தோளில் பழைய துண்டும் கைகளில் பிளாஸ்டிக் உறையுமாக உட்கார்ந்திருக்கிறேன், மடியில் போன். காலை பத்து மணி. கோவில்பட்டி வெயில் இன்னும் கல்வரைக்கும் வரவில்லை, வந்துவிடும், அதற்கு வேறு என்ன வேலை. பக்கத்து வீட்டுப் பிரேமாதான் என் தலையை இப்படி ஆக்கிவிட்டுப் போயிருக்கிறாள். மிஷினில் துணி போட்டிருக்கிறாளாம், குக்கர் வைத்திருக்கிறாளாம், முடித்துவிட்டு வருவாளாம், அதற்குள் சென்னையில் எந்த ஏரியாவில் தங்குவது என்று நான் முடிவு செய்து வைக்க வேண்டுமாம், வந்து அவள் போனிலேயே ரூம் போட்டுத் தருவாளாம். பிரேமாவுக்கு எல்லாம் விரல் நுனியில் இருக்கிறது. எனக்கு விரல் நுனியில் டை இருக்கிறது. அடுத்த வெள்ளிக்கிழமை முத்துநகர் எக்ஸ்பிரஸில் டிக்கெட். சனிக்கிழமை காலையில் எழும்பூர், சனி ஞாயிறு இரண்டு ராத்திரி, திங்கள்கிழமை திரும்ப வண்டி. ஞாயிற்றுக்கிழமை வடபழனியில் ரெஜினா டீச்சர் மகளுக்கு ரிசப்ஷன். ரெஜினா கணக்கு டீச்சர், நான் தையல் டீச்சர், ஒரே ஸ்டாஃப் ரூமில் இருபத்திரண்டு வருஷம் ஒருத்தி டிபனை ஒருத்தி தின்றிருக்கிறோம், போகாமல் இருக்க முடியாது. போகாமல் இருக்க முடியாது என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பிரேமாவிடம் சொன்னேன், பால்காரரிடம் சொன்னேன், கேஸ் புக் பண்ணுகிற இடத்தில்கூடச் சொன்னேன். ஒரு ரிசப்ஷனுக்கு இரண்டு ராத்திரி எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்குத் தெரியாது. பொய், தெரியும். சென்னையில் என் தங்கை வடிவு இருக்கிறாள்.

ஏரியா என்று பிரேமா சொல்வது அவளுடைய கணக்கு. எழும்பூர் என்றால் ரயிலைவிட்டு இறங்கி நடந்தே ரூமுக்குப் போய்விடலாம். வடபழனி என்றால் மண்டபம் பக்கம், பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பஸ் ஏற வேண்டாம். தி.நகர் என்றால் சும்மா இருக்கிற நேரத்தில் கடை பார்க்கலாம். மயிலாப்பூர் என்றால் கோயில் இருக்கிறது, நல்ல காப்பி இருக்கிறது, டீச்சருக்கு வேறு என்ன வேணும். எல்லாம் சரிதான், ஒன்றிலும் குறை சொல்ல முடியாது. ஆனால் பிரேமா திருச்செந்தூருக்கே லாட்ஜில் தங்கிப் போய்வருகிற தலைமுறை, அவளுக்கு ரூம் என்றால் ரூம். எங்களுக்கு அப்படி இல்லை. கூடப்பிறந்தவள் இருக்கிற ஊரில் போய் ஒருத்தி லாட்ஜில் தங்கினால் அவள் ஏதோ சொல்கிறாள் என்று அர்த்தம், எந்த ஏரியாவில் தங்குகிறாள் என்பதில் அவள் என்ன சொல்கிறாள் என்பது இருக்கும். எழும்பூரில் தங்கினால், நான் உன்னைப் பார்க்க வரவில்லை, வந்த வழியே போய்விடுவேன். வடபழனியில் தங்கினால், ரெஜினா மகளுக்காக வந்தேன், உனக்காக இல்லை. தி.நகரில் தங்கினால், சேலை எடுக்க வந்தேன், உன்னைவிட எனக்குச் சேலை பெரிது. வடிவு இருப்பது கொளத்தூர். கொளத்தூருக்குப் பக்கத்திலேயே, பெரம்பூரில் ஒரு லாட்ஜ் பிடித்தால்? அது எல்லாவற்றையும்விட மோசம். உன் தெருமுனைவரைக்கும் வந்துவிட்டேன், நீ வா என்று சொல்லாததால் இங்கே கிடக்கிறேன் என்று அவள் வாசலில் நின்று கத்துவதுபோல ஆகிவிடும். பிரேமா என் போனில் மேப்பைத் திறந்து வைத்துவிட்டுத்தான் போனாள். உறை போட்ட விரலுக்கு அது நகர மாட்டேன் என்கிறது. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு மூக்கால் தள்ளிப் பார்த்தேன், நகர்ந்தது. கொளத்தூரிலிருந்து வடபழனிக்குக் கட்டை விரல் நீளம், மூக்கால் பெரிதாக்கினால் ஒரு சாண். முப்பது வருஷம் பெண்பிள்ளைகளுக்கு இடுப்பளவும் தோளளவும் எடுத்த கை, ஒரு இஞ்ச் கூடினாலும் குறைந்தாலும் கண்ணிலேயே தெரியும் எனக்கு, இந்த அளவு மட்டும் பிடிபடவில்லை. எவ்வளவு தூரத்தில் தங்கினால் அவளுக்கு வலிக்காது, எவ்வளவு பக்கத்தில் தங்கினால் எனக்கு வெட்கமாக இருக்காது. அளவெடுக்க ஆள் எதிரே நிற்க வேண்டும்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் இந்தத் தூரத்தை நான் சரியாகத்தான் போட்டேன் என்று நினைத்தேன். அவர் ரிட்டயர் ஆன வருஷம், சென்னையை ஒரு தடவை நிதானமாகப் பார்க்கலாம் என்று இரண்டு பேரும் கிளம்பினோம். வடிவு அப்போதும் கொளத்தூர்தான், ஒரு மாடிப் போர்ஷனில் மகன் நவநீதனோடு வாடகைக்கு இருந்தாள். ஒரு படுக்கையறை, ஒரு ஹால், அதை ஹால் என்று சொல்வது மரியாதைக்கு. அவள் வீட்டுக்காரர் தவறி நாலு வருஷம் ஆகியிருந்தது, ஜவுளிக்கடையில் பில் போடுகிற வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். வருகிறோம் என்று போனில் சொன்னேன். எந்த வண்டி, எத்தனை மணி என்று கேட்டாள். எங்கே தங்குவீர்கள் என்று கேட்கவில்லை. எப்படிக் கேட்பாள், அக்காவிடம் அதைக் கேட்பார்களா? நானும் சொல்லவில்லை, கேட்காததைச் சொல்லுவானேன் என்று இருந்துவிட்டேன். அந்த இரண்டு வாய்களில் ஒன்று திறந்திருந்தால் போதும். காலையில் இறங்கி, திருவல்லிக்கேணியில் ரூமில் பெட்டியை வைத்து, குளித்து, டிபனும் சாப்பிட்டு, பத்து மணிக்கு அவளுக்குப் போன் செய்தேன், மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துவிடுகிறோம் என்று. எங்க இருந்துக்கா பேசுற என்றாள். சொன்னேன். உங்களுக்கு எதுக்குச் சிரமம்னுதான் என்று சேர்த்துச் சொன்னேன். சரிக்கா, வாங்க என்றாள். மத்தியானம் போனபோது பார்க்கிறேன், படுக்கையறையில் ஒரு கட்டில், கீழ்வீட்டில் கேட்டு வாங்கி நாலு பேராக மாடி ஏற்றியிருக்கிறார்கள். மேலே புது விரிப்பு, மடிப்புக்கூடக் கலையவில்லை. குளியலறையில் ஸ்டிக்கர் கிழிக்காத புது வாளி. நவநீதனை இரண்டு நாளைக்குச் சிநேகிதன் ரூமுக்கு அனுப்பிவிட்டாளாம். கடையில் லீவு கேட்டு, அவர்கள் இல்லை என்று சொல்லி, மறுபடி கெஞ்சிக் கேட்டு வாங்கியிருக்கிறாள். அத்தான் கட்டிலில் படுக்கட்டும், நீயும் நானும் ஹாலில் பாய் போட்டுப் படுப்போம்னு இருந்தேன் என்று சாம்பார் ஊற்றிக்கொண்டே சொன்னாள், யாரோ மூன்றாம் மனுஷி நினைத்ததைச் சொல்வதுபோலச் சொன்னாள். காலை ஆறு மணிக்கு ஊற்றி வைத்த இட்லி இரண்டு தட்டு மூடியபடியே இருந்தது. அவர்தான் இரண்டு தடவை ரசம் கேட்டு வாங்கிக் குடித்து நிலைமையைச் சமாளித்தார். கிளம்பும்போது மாடிப்படியில் நின்று, என் முகத்தைப் பார்க்காமல் என் தோளில் இருந்த பையைப் பார்த்துச் சொன்னாள்: என் வீடு பத்தாதுன்னு முதல்லயே சொல்லியிருக்கலாம்லாக்கா, அந்தக் கட்டில ஏத்தியிருக்க மாட்டேன். அவ்வளவுதான். சண்டை இல்லை, அழுகை இல்லை. அழுதிருந்தால் கட்டிப் பிடித்து ஒரு வழி செய்திருக்கலாம்.

காதுக்குப் பின்னால் டை ஒரு சொட்டு இறங்குகிறது. துடைத்தால் கையிலிருப்பதும் சேர்ந்து அப்பும், இறங்கட்டும். சிரமம் என்று சொன்னது பொய். ஒன்பது வருஷமாக இதை ஒருவரிடமும் சொல்லவில்லை, அவரிடம்கூடச் சொல்லவில்லை, அவருக்குத் தெரிந்திருக்கும். அவர் கல்யாணத்துக்கு முன்னால் இரண்டு வருஷம் திருவல்லிக்கேணியில் மேன்ஷனில் இருந்தவர். அந்தத் தெரு, அந்த மெஸ், காலையில் கடற்கரை என்று கல்யாணமான நாளிலிருந்து சொல்லிக்கொண்டே இருப்பார், ஒரு நாள் உன்னைக் கூட்டிட்டுப் போறேன் என்பார். முப்பது வருஷம் அந்த ஒரு நாள் வரவில்லை. மாமனார் மாமியாரோடு, கொழுந்தனார் பிள்ளைகளோடு, பரீட்சைப் பேப்பரோடு போய்விட்டது முப்பது வருஷம். நாங்கள் இருவர் மட்டும், வெளியூரில், ஒரு கதவை உள்ளே தாழ்ப்பாள் போட்டு இருந்தது வாழ்க்கையில் அந்த இரண்டு நாள்தான். ஐம்பத்துநாலு வயதில் எனக்கு அப்படி ஓர் ஆசை இருந்தது என்றால் சிரிப்பார்கள். காலையில் ஐந்தரை மணிக்கு எழுப்பிக் கடற்கரைக்குக் கூட்டிப்போனார், செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு நடந்தோம், நனைந்த மணலில் அவருடைய பெரிய பாதமும் என்னுடையதும். மெஸ் இருந்த இடத்தில் போன் கடை இருந்தது, அதைப் பார்த்து அவர் நின்ற நிலை இன்னும் எனக்குக் கண்ணில் நிற்கிறது, நான்தான் சரி வாங்க, வேற இடத்துல சாப்பிடுவோம் என்று கையைப் பிடித்து இழுத்தேன், நடுத்தெருவில், பகலில். அதெல்லாம் நடந்தது. எனக்கு வேண்டியிருந்தது. ஆனால் புருஷனை இழந்து நாலு வருஷமான தங்கையிடம் போய், உன் வீட்டுக்கு வரவில்லை, என் புருஷனோடு தனியாக இருக்க வேண்டும் என்று எந்த அக்கா சொல்லுவாள்? அதனால் சிரமம் என்றேன். அவளுக்கு அது உன் வீடு சிறிசு என்று கேட்டது. உண்மையைச் சொல்லியிருந்தால் வேறு மாதிரிக் குத்தியிருக்கும். எது கம்மியாகக் குத்தியிருக்கும் என்று ஒன்பது வருஷமாக யோசிக்கிறேன், தையல் மிஷினில் ஊசி ஒரே ஓட்டையில் குத்திக்கொண்டு நிற்பதுபோல நிற்கிறேன், துணி நகரவில்லை.

பிரேமா வீட்டில் முதல் விசில். எத்தனை விசிலுக்கு வருவாள், பருப்பென்றால் நாலு. நவநீதன் கல்யாணத்தில் தப்பித்தோம், அது பெண் ஊரில், சேலத்தில், மண்டபத்திலேயே எல்லோருக்கும் பாய் விரித்துவிட்டார்கள், யார் எங்கே தங்குவது என்ற பேச்சே எழவில்லை. அன்றைக்கு வடிவு எனக்குப் பூ வைத்துவிட்டாள், பின் குத்தினாள், அக்கா அக்கா என்று எல்லோரிடமும் அறிமுகம் செய்தாள், எல்லாம் சரியாக இருந்தது, சரியாக இருந்ததுதான் எனக்குப் பிடிக்கவில்லை. கூடப்பிறந்தவள் அவ்வளவு மரியாதையாக நடந்துகொள்வாளா? சின்ன வயதில் என் பாவாடையை எடுத்து உடுத்திக்கொண்டு போய்விட்டு, கேட்டால் நாக்கைத் துருத்துகிறவள். அப்புறம் அவர் போனார். நாலு வருஷம் ஆகிறது. தகவல் சொன்ன உடனே நவநீதனோடு வண்டி பிடித்து வந்துவிட்டாள், நான் அவள் மேல் விழுந்துதான் அழுதேன், என் தலையை அவள் மார்போடு பிடித்துக்கொண்டு, விடுக்கா, நான் இருக்கேம்லா என்று சொல்லிக்கொண்டே இருந்தாள், அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டுதான் நான் மயானத்துக்குத் தூக்குகிறவரை நின்றேன். ராத்திரி தேடினேன், இல்லை. வீடு நிறைய ஆட்கள், மாடியில் படுத்திருப்பாள் என்றார்கள். மறுநாள் பால் தெளிக்கப் போகிற நேரத்துக்கு வாசலில் ஆட்டோவில் வந்து இறங்கினாள், குளித்து, புடவை மாற்றி. எங்கட்டி போன என்றேன். பஸ் ஸ்டாண்டுகிட்ட லாட்ஜ்ல ரூம் எடுத்தோம்க்கா, இங்க கூட்டமா இருக்கு, உனக்கு எதுக்குச் சிரமம் என்றாள். பழி வாங்குகிற குரல் இல்லை அது. சாதாரணமாகத்தான் சொன்னாள். என் புருஷன் செத்த வீட்டில் என் தங்கை படுக்கவில்லை. அதை நான் யாரிடம் போய்ச் சொல்ல, சொன்னால் ஆரம்பித்து வைத்தது யார் என்று கேட்பார்கள்.

பேச்சு விட்டுப்போயிற்றா என்றால் அதுவும் இல்லை. தீபாவளிக்கு நான் கூப்பிடுவேன், பொங்கலுக்கு அவள் கூப்பிடுவாள், வெள்ளம் வந்தால் நான் கூப்பிடுவேன். மழை எப்படி, கால் வலி எப்படி, நவநீதன் பிள்ளை ஸ்கூல் போகிறானா. இப்போது அவன் அதே கொளத்தூரில் சொந்தமாக ஃபிளாட் வாங்கி அம்மாவையும் வைத்துக்கொண்டிருக்கிறான், நான் இன்னும் பார்க்கவில்லை, போட்டோவில் வாசல் கதவு மட்டும் பார்த்திருக்கிறேன், தேக்கு மாதிரி இருந்தது. நல்ல பெரிய வீடாக இருக்கும். அதனால்தான் இந்தத் தடவை பயம். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் இடமில்லாத வீட்டில் இடம் செய்து வைத்தாள், நான் போகவில்லை. இப்போது இடம் இருக்கிற வீட்டில் அவள் வா என்று சொல்லாவிட்டால்? சொல்ல வேண்டும் என்று ஒன்றும் இல்லை. ஆனால் நான் அதற்குத்தான் போகிறேன். ரெஜினா மன்னிக்கட்டும், அவள் மகள் ரிசப்ஷனுக்கு ஒரு புடவையும் கவரும் தபாலிலேயே அனுப்பியிருப்பேன். எனக்கு வேண்டியது வடிவு வாயிலிருந்து இரண்டு வார்த்தை, வீட்டுக்கு வாக்கா. அதற்காக டை அடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன் அறுபத்து மூன்று வயதில். போன் செய்து சொன்னால் போயிற்று, அடுத்த சனிக்கிழமை வருகிறேன் என்று. சொல்லிவிட்டு நிறுத்த வேண்டும். நிறுத்தியதும் அந்தப் பக்கம் ஒரு நொடி அமைதி வரும். எனக்குப் பயம் அந்த ஒரு நொடிதான். வாக்கா என்று உடனே வந்தால் அது அவள். ஒரு நொடி கழித்து வாக்கா என்றால் அது மரியாதை. இரண்டு நொடி கழித்து, எங்கக்கா தங்குற என்றால் அன்றைக்கு அவள் கேட்காததை இன்றைக்குக் கேட்டுவிட்டாள், அத்தோடு முடிந்தது. அதனால் நொடியே இல்லாதபடி நானே பேசிவிட வேண்டும். வடிவு, ரிசப்ஷனுக்கு வாரேன், வடபழனியில் ரூம் போட்டாச்சு. ஆனால் ரூம் போட்டாச்சு என்று முதலிலேயே சொன்னால் அது ஒன்பது வருஷத்துக்கு முந்தைய தப்பை மறுபடி செய்வதாகும். ரூம் போடவில்லை என்று சொன்னால் நான் கேட்டு வாங்குவதாகும். சொல்லாமலே போய், சொல்லாமலே ரிசப்ஷனில் சாப்பிட்டு, சொல்லாமலே திரும்பிவிடலாமா என்றால், அதற்கு இங்கேயே இருக்கலாம், டையும் மிச்சம்.

மறுபடி மூக்கால் மேப்பைத் தள்ளுகிறேன். எழும்பூர். எழும்பூர் என்றால் வண்டி தாமதம், பெட்டி கனம் என்று ஏதாவது சாக்குச் சொல்லலாம், எழும்பூரில் தங்குகிறவளை யாரும் குற்றம் சொல்ல மாட்டார்கள், ஆனால் குற்றம் சொல்லாத இடத்தில் எனக்கு என்ன வேலை. வடபழனி, சரி, வடபழனியிலிருந்து கொளத்தூருக்கு ஆட்டோவில் போகலாம், அவளும் வரலாம், இரண்டு பேருக்கும் சமமான தூரம் வருகிற மாதிரி நடுவில் ஏதாவது ஊர் இருக்கிறதா என்று பார்க்கிறேன், அண்ணா நகர், அண்ணா நகரில் தங்கினால் என்ன சொன்னதாக ஆகும், ஒன்றும் சொன்னதாக ஆகாது, மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் நடுவில் உட்கார்ந்த பெரியத்தைபோல ஆகும். திருவல்லிக்கேணி. இல்லை. அங்கே நான் தனியாகத் தங்க மாட்டேன், அந்தத் தெருவில் என் கையைப் பிடிக்க ஆள் இல்லை. எனக்கு அறுபத்து மூன்று, வடிவுக்கு ஐம்பத்தெட்டு. வருஷத்துக்கு ஒரு தடவை பார்த்தாலும் இன்னும் எத்தனை தடவை என்று மனசு எண்ண ஆரம்பிக்கிறது, வேண்டாம் என்று நிறுத்துகிறேன். கல்யாணம் ஆகிறவரை நாங்கள் இரண்டு பேரும் ஒரே பாய், ஒரே போர்வை. பேச்சு முடியாமலே தூங்கிவிடுவோம், காலையில் எழுந்ததும் விட்ட இடத்திலிருந்து அவள் ஆரம்பிப்பாள், பல்கூடத் தேய்க்காமல். அந்த ஹாலில் பாய் விரித்திருந்தால் அன்றைக்கும் அப்படி ஒரு காலை வந்திருக்கும். எனக்கு இரண்டும் வேண்டியிருந்தது, அவரும் வேண்டியிருந்தது, இவளும் வேண்டியிருந்தது, இரண்டு நாளில் இரண்டையும் எப்படி வெட்டித் தைப்பது என்று தெரியவில்லை. தலை அரிக்கிறது. நாலாவது விசில் வந்துவிட்டது.

பிரேமா ஈரக்கையோடு வந்துவிட்டாள். நெற்றியில் பொட்டு மாதிரி டை வைத்திருக்கிறேனாம், முந்தானையால் துடைத்துவிட்டு, என்ன டீச்சர், எந்த ஏரியா என்கிறாள். வடிவைக் கூப்பிட்டுத் தா என்று என் வாய் சொல்கிறது. நான் சொல்லச் சொல்லவில்லை, அதுவே சொல்கிறது. கை இப்படி இருக்கிறதே, ஸ்பீக்கரில் போட்டுத் தா. மணி அடிக்க ஆரம்பித்ததும் பிரேமா கெட்டிக்காரி, மோட்டாரை அணைக்கணும் என்று சொல்லி வேலியோரம் போய்விட்டாள். எடுத்துவிட்டாள் வடிவு, பின்னால் டிவியில் குழந்தைகள் பாட்டு ஓடுகிறது. ரெஜினா, ரிசப்ஷன், சனிக்கிழமை, முத்துநகர் எல்லாம் ஒரே மூச்சில் சொன்னேன். சொல்லிவிட்டு, பயந்த இடத்தில் போய் நானே நின்றேன்.

"எந்த ஏரியால தங்குனா நல்லதுன்னு உன்கிட்ட கேக்கலாம்னுதான்ட்டி கூப்பிட்டேன்."

ஒரு நொடி. இரண்டு நொடி. டிவி பாட்டு முடிந்து வேறு பாட்டு ஆரம்பித்தது. பிறகு வடிவு பேசினாள், மிகவும் நன்றாகப் பேசினாள். வடபழனியே நல்லதாம், கோயில் பக்கம் நிறைய லாட்ஜ் இருக்காம், பொம்பளை தனியா தங்கலாமாம். வெந்நீர் வருதா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளணுமாம். எழும்பூரில் சத்தம் ஜாஸ்தி, உனக்குத் தூக்கம் வராது. லிப்ட் இருக்கிற இடமாப் பாரு, உன் முட்டி மாடிப்படி ஏறாது. என் முட்டியைக்கூட ஞாபகம் வைத்து ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போகிறாள், அந்த ஊருக்கு முதல் தடவை வருகிற ஒருத்திக்குச் சொல்வதுபோல. சரி, சரி என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். வீட்டுக்கு வா என்பது அதில் எங்கேயும் இல்லை. முடியப் போகிறது, வைக்கப் போகிறாள். இனி இழக்க என்ன இருக்கிறது என்று தோன்றியது.

"வடிவு, அன்னைக்குச் சிரமம்னு சொன்னது பொய். உன் வீடு சின்னதுன்னு நான் ஒரு நாளும் நினைக்கல. உங்க அத்தானோட ரெண்டு நாள் தனியா இருக்கணும்னு இருந்துச்சு. உன்கிட்ட அத எப்படிச் சொல்லுவேன்."

"தெரியும்க்கா," என்றாள். "அன்னைக்கு நீ மாடி ஏறி வாரப்பவே தெரிஞ்சுட்டு. அப்படிப் பூரிச்ச மூஞ்சிய நான் உங்கிட்ட பாத்ததே இல்ல. அதான் எனக்குக் கோவம். கட்டிலுக்கு இல்ல."

டிவி சத்தம் தள்ளிப் போயிற்று. எங்கேயோ நடக்கிறாள், ஒரு கதவு சாத்துகிற சத்தம், அப்புறம் தெருச் சத்தம். பால்கனிக்கு வந்துவிட்டாள் போல. குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினாள். மருமகள் நல்ல பிள்ளைதானாம், ஒரு குறையும் இல்லையாம். இரண்டு பெட்ரூமாம், ஒன்று அவர்களுக்கு, ஒன்று பிள்ளைக்கு, சம்பந்தி அம்மா வந்தால் அதில்தான் படுப்பார்களாம். இவள் ஹாலில் படுக்கிறாளாம், டிவி எப்போது அணைப்பார்களோ அப்போது. ஆறு மாசமாக முதுகு பிடித்துக்கொள்கிறதாம். காதுக்குப் பின்னால் இறங்கின சொட்டு கழுத்துவரைக்கும் வந்துவிட்டது.

"வான்னு சொல்ல நமக்குன்னு ஒரு வீடு வேணும்லாக்கா," என்றாள் வடிவு. "நீ ரெண்டு கட்டில் உள்ள ரூமாப் போடு. நானும் அங்க வந்து உங்கூட தங்கிக்கிடுதேன், ரெண்டு நாளும்."

மகன் என்ன சொல்வான், மருமகள் என்ன நினைப்பாள், ஊரில் வீடு இருக்க லாட்ஜிலா என்று நாலு பேர் கேட்க மாட்டார்களா என்று நான் என்னென்னவோ கேட்கிறேன், உள்ளே மனசு அதையெல்லாம் கேட்கவே இல்லை. அவள் ஒன்றே ஒன்று சொன்னாள்.

"தூரமாப் போடுக்கா. பக்கத்துலன்னா, ராத்திரிக்கு வீட்டுக்கு வந்துருங்கம்மான்னு வண்டியத் தூக்கிட்டு வந்துருவான்."

வைத்துவிட்டாள். பிரேமா மோட்டாரை அணைத்துவிட்டு வேலியைத் தாண்டி வந்தாள், தன் போனை எடுத்து, ஆள் பெயர், வயது எல்லாம் போட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். எந்த ஏரியா டீச்சர், முடிவு பண்ணியாச்சா என்றாள்.

"ரெண்டு பேருன்னு போடு பிரேமா," என்றேன். "கொளத்தூர்ல இருந்து எது ரொம்பத் தூரமோ, அந்த ஏரியா."